பூட்டன் எங்கே பிறந்தார்? சட்டம், பதிவேடு, கணினி: ஒரு சிறு வரலாறு



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். உயர்தரத்தில் அளவையியல் படிக்கும் பிள்ளைகளும் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். முன்னவர்கள் "விதி" என்ற பக்கத்தைப் படிக்கிறார்கள், பின்னவர்கள் "தரவு" என்ற பக்கத்தைப் படிக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் பொருத்தும்போது என்ன நடக்கிறது என்பதை நமது ஊவாத் தோட்டங்களின் மக்கள் கணினி வருவதற்கு முன்னரே தம் உடம்பில் அனுபவித்துவிட்டார்கள். அந்தக் கதைதான் இது.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் தந்தை எங்கே பிறந்தார்? சொல்லிவிடுவீர்கள். தந்தையின் தந்தை? பெரும்பாலும் சொல்லிவிடுவீர்கள். அவருடைய தந்தை, அதாவது உங்கள் பூட்டனார்? எந்த ஊர், எந்த வருடம், அதற்கு என்ன பத்திரம்? நம்மில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவர் சொல்வாரா என்பதே சந்தேகம்.

1948ஆம் ஆண்டு நவம்பர் 15ஆந் திகதி இந்தக் கேள்வி இலங்கையில் சட்டமாயிற்று.

*சட்டம் என்ற விதித்தொகுதி*

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தின் முதுகெலும்பு அதன் 4ஆம், 5ஆம் பிரிவுகள். சட்டத்தரணிகளின் மொழியை விட்டுவிட்டு, அளவையியல் வகுப்பில் எழுதுவது போல எழுதிப் பார்ப்போம்.

விதி ஒன்று: ஒருவர் குறித்த நாளுக்கு முன் இலங்கையில் பிறந்திருந்து, அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருந்தால், அவர் வம்சாவளிப் பிரஜை.

விதி இரண்டு: ஒருவர் குறித்த நாளுக்கு முன் இலங்கையில் பிறந்திருந்து, அவருடைய தந்தைவழிப் பாட்டனும் தந்தைவழிப் பூட்டனும் இலங்கையில் பிறந்திருந்தால், அவர் வம்சாவளிப் பிரஜை.

விதி மூன்று: ஒருவர் குறித்த நாளிலோ அதற்குப் பின்னரோ இலங்கையில் பிறந்து, அவர் பிறந்த நேரத்தில் தந்தை இலங்கைப் பிரஜையாக இருந்தால், அவர் வம்சாவளிப் பிரஜை.

மூன்றாவது விதியைக் கவனியுங்கள். மகன் பிரஜையா என்று அறியத் தந்தை பிரஜையா என்று பார்க்க வேண்டும். தந்தை பிரஜையா என்று அறிய மீண்டும் இதே விதித்தொகுதிக்குள் போக வேண்டும். தன்னையே திரும்ப அழைக்கும் இந்த வகை விதி எங்காவது ஓரிடத்தில் தரையைத் தொட வேண்டும். அந்தத் தரை முதல் இரண்டு விதிகள். அங்கே கால் பதிக்க முடியாத தந்தைக்குப் பிறக்கும் பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் எல்லோருமே, வேறு சட்டம் வராதவரை, வெளியேதான். ஒரு தலைமுறையின் வெற்றிடம் எல்லாத் தலைமுறைக்கும் இறங்கிவிடும்.

இந்த விதிகளில் தமிழர் என்ற சொல் இல்லை, தோட்டம் என்ற சொல் இல்லை, இந்தியர் என்ற சொல்கூட இல்லை. காகிதத்தில் எல்லோருக்கும் பொதுவான விதி. கோடாக்கன்பிள்ளை வழக்கு 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும் சட்டம் நிலைத்து நின்றதற்கு இந்தப் பொதுத் தோற்றமும் ஒரு காரணம். ஆனால் விதி தனியாக எதையும் செய்வதில்லை. அது தரவோடு சேரும்போதுதான் தீர்ப்புச் சொல்கிறது. ஆகவே தரவு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

*தோட்டத்துப் பதிவேடுகள்*

தோட்டத்து மக்களைப் பற்றி எழுத்துப் பதிவே இருக்கவில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அக்கால இலங்கையில் அவ்வளவு விரிவாக எண்ணி, எழுதி, இலக்கமிடப்பட்ட மக்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டின் டிக்கட் முறை வந்தது. இந்தியாவிலிருந்து வரும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு சிறு உலோகத் தகடு. அதில் தோட்டத்தின் பதிவிலக்கமும் தொழிலாளியின் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தகட்டைப் பார்த்தே ஆளை எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும், செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள். அப்புறம் செக்ரோல். யார் பெரட்டுக்கு வந்தார், யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், யாருக்கு அரிசி எவ்வளவு என்பதெல்லாம் நாள்தோறும் எழுதப்பட்டன. பிறகு துண்டு. ஒருவர் தோட்டம் மாற வேண்டுமானால் அவருடைய கடன் எவ்வளவு என்று காட்டும் சீட்டு. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அந்தச் சீட்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது.

ஆக, இலக்கம் இருந்தது, பெயர் இருந்தது, கடன் இருந்தது, வேலைநாள் இருந்தது. "பாட்டன் பிறந்த இடம்" என்ற நிரல் மட்டும் இல்லை. ஏனென்றால் அந்தப் பதிவேடுகள் அந்த மனிதருக்காக எழுதப்பட்டவை அல்ல. சம்பளத்துக்காகவும் கடனுக்காகவும் கம்பனிக்காகவும் எழுதப்பட்டவை. எந்தக் கேள்விக்காகப் பதிவேடு திறக்கப்பட்டதோ அந்தக் கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும்.

அரசாங்கத்தின் பிறப்புப் பதிவோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒழுங்குக்கு வந்தது. 1948இல் முப்பது வயதான ஒருவரின் பூட்டனார் பிறந்திருக்கக்கூடிய காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். அநேகமாக 1840க்கு முன்போ பின்போ வரும். அக்காலத்தில் பசறை, மடுல்சீமை, நமுனுகுலப் பக்கமெல்லாம் காடு வெட்டிக் கோப்பி நடத் தொடங்கிய காலம். லயத்தில் ஒரு குழந்தை பிறந்ததற்கு யார் சான்றிதழ் தந்திருப்பார்?

இங்கேதான் நாம் நிறுத்தி நிதானிக்க வேண்டும். ஊவாவின் சிங்களக் கிராமத்து விவசாயியிடமும் பூட்டனின் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை. பதுளை நகரத்துச் சோனகரிடமும் இருக்கவில்லை. வெற்றிடம் எல்லோருடைய கையிலும் ஒரே அளவு வெற்றிடந்தான். ஆனால் கிராமத்தவரிடம் அதைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய வெற்றிடம் "ஆம்" என்று வாசிக்கப்பட்டது. தோட்டத்தவருடைய வெற்றிடம் "இல்லை" என்று வாசிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்து நமது நகரங்களில் கடை வைத்த முஸ்லிம்களுக்கும், குடிசன மதிப்பீட்டில் "இந்தியச் சோனகர்" என்று தனியாக எண்ணப்பட்டவர்களுக்கும் இதே நிலைதான். இதை நம் சமூகத்தில் பலர் மறந்துவிட்டார்கள்.

*எண்கள் சொல்லும் கதை*

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, பதுளையில் எஸ். எம். சுப்பையா என்று பாராளுமன்றம் போனார்கள். பிரசாவுரிமைச் சட்டத்தோடு 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர, வாக்குரிமை பிரஜைகளுக்கு மட்டும் என்றாயிற்று. 1952 தேர்தலில் அந்த ஏழும் பூச்சியமாகின.

இடையில் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. அதுவும் ஒரு விதிதான். 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன்னர், திருமணமானவர் ஏழு வருடமும் திருமணமாகாதவர் பத்து வருடமும் இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. ஊருக்குப் போய் நீண்ட காலம் தங்கியிருந்தால் "இடையறாது" என்பது அறுந்துவிடும். மனைவி பிள்ளைகளின் வசிப்புக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றுக்குள் அடங்கியவர்கள் எட்டு லட்சத்துக்கும் அதிகம். 1964 வரையில் பிரசாவுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். ஆறில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1964 அக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். மிஞ்சியவர்கள் 9,75,000 என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். பத்து வருடம் கழித்து அந்த ஒன்றரை லட்சத்தையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். இங்கே விதிகூடக் கைவிடப்பட்டு வெறும் வகுத்தல் கணக்கு வந்துவிட்டது. ஹப்புத்தளையிலும் தெமோதரையிலும் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களின் கதைகளை உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேளுங்கள்.

*லண்டனில் ஒரு பரிசோதனை*

இனிக் கணினிப் பக்கம் வருவோம்.

1972இல் பிரான்சின் மார்சேய் நகரில் அலன் கொல்மரோவரும் அவருடைய குழுவினரும் புரோலாக் என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதற்கான அளவையியல் அடித்தளத்தில் றொபர்ட் கொவால்ஸ்கியின் பங்கு பெரிது. மற்ற மொழிகளில் கணினிக்கு "இதைச் செய், அப்புறம் அதைச் செய்" என்று கட்டளை இடுவோம். புரோலாக்கில் உண்மைகளையும் விதிகளையும் எழுதிவிட்டு, கேள்வி கேட்போம். முடிவைக் கணினியே வருவிக்கும். எடுகூற்றுகளிலிருந்து முடிவுக்கு வருவது என்று நாம் வகுப்பில் சொல்வதேதான்.

1986இல் கொவால்ஸ்கி, மரெக் செர்கொட் உள்ளிட்ட ஆறு பேர் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1981ஆம் ஆண்டின் பிரித்தானியத் தேசியவுரிமைச் சட்டத்தின் பெரும் பகுதியைப் புரோலாக் விதிகளாக எழுதிக் காட்டினார்கள். சட்டத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் துறையில் இன்றும் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் கட்டுரை அது. உலகில் எத்தனையோ சட்டங்கள் இருக்க, அவர்கள் தொட்டது பிரசாவுரிமைச் சட்டம்! யார் நம்மவர், யார் வெளியார் என்ற கேள்விதான் விதி வடிவத்துக்கு அவ்வளவு எளிதாக வந்து உட்காருகிறது.

அந்தச் சட்டத்தில் அவர்களுக்குச் சுவையாக அமைந்த ஓரிடம் கைவிடப்பட்ட குழந்தை பற்றியது. பிறந்தவுடன் கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்படும் குழந்தையை, மறுதலையாகக் காட்டப்படாதவரை, பிரஜையாகவே கொள்ள வேண்டும். நமது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. தாய் தகப்பன் யாரென்று தெரியாமல் இலங்கையில் கண்டெடுக்கப்படும் சிசு, மறுதலை நிரூபிக்கப்படும்வரை, வம்சாவளிப் பிரஜை.

இதன் பொருளை ஒரு நிமிடம் யோசியுங்கள். தந்தை யாரென்றே தெரியாத குழந்தைக்கு வெற்றிடம் அனுகூலமாக வாசிக்கப்பட்டது. தந்தையின் பெயர், தோட்டம், செக்ரோல் இலக்கம் எல்லாம் தெரிந்த லயத்துக் குழந்தைக்கு, பாட்டனைப் பற்றிய வெற்றிடம் பாதகமாக வாசிக்கப்பட்டது. சட்டம் எழுதியவர்களுக்குக் கருணையான அனுமானம் ஒன்று எப்படி எழுதுவதென்று தெரிந்திருந்தது. அதை ஓரிடத்தில் எழுதினார்கள், இன்னோரிடத்தில் எழுதவில்லை.

*"தெரியாது" என்பதும் "இல்லை" என்பதும்*

புரோலாக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒன்றை நிறுவ முடியவில்லையானால் அது பொய் என்று எடுத்துக்கொள்ளும். 1978இல் கீத் கிளார்க் இந்தப் பழக்கத்துக்கு அளவையியல் விளக்கம் கொடுத்தார். அதே ஆண்டு றேமண்ட் றைட்டர் "மூடிய உலகு" என்று ஓர் எடுகோளை வரையறுத்தார். பதிவேட்டில் உள்ளதுதான் உலகம், அதில் இல்லாதது உலகத்திலும் இல்லை.

இது சரியான இடங்களும் உண்டு. பதுளைப் புகையிரத நிலையத்தின் நேர அட்டவணையில் இரவு இரண்டு மணிக்கு ரயில் போடப்படவில்லை என்றால், இரவு இரண்டு மணிக்கு ரயில் இல்லை. அட்டவணை முழுமையானது, ஆகவே மௌனமே பதில். ஆனால் உங்கள் கைத்தொலைபேசியில் ஒருவருடைய இலக்கம் இல்லை என்பதற்காக அவர் உலகத்தில் இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் பட்டியல் முழுமையற்றது. அங்கே மௌனம் என்றால் "தெரியாது" என்றுதான் பொருள். இதைத் "திறந்த உலகு" என்பார்கள்.

நமது மார்க்கக் கல்வியில் இந்த வேறுபாடு புதிதல்ல. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் ஒருவரைப் பற்றித் தகவல் கிடைக்காவிட்டால் அவரை "மஜ்ஹூல்", அறியப்படாதவர், என்று தனியாகக் குறிப்பார்கள். பொய்யர் என்று எழுத மாட்டார்கள். வாரிசுரிமைச் சட்டத்தில் இன்னும் தெளிவு. வாரிசுகளில் ஒருவர் காணாமற் போயிருந்தால், அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது தீரும்வரை அவருடைய பங்கு தனியாக எடுத்து வைக்கப்படும். காணவில்லை என்பதைக் காரணங்காட்டி மற்றவர்கள் அதைப் பிரித்துக்கொள்ள முடியாது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி எழுதிய அல்ஜிப்ரா நூலின் பெரும் பகுதி வாரிசுரிமைக் கணக்குகள்தான் என்பதையும் கணிதம் படிக்கும் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டும். விதியையும் குடும்ப விபரத்தையும் சேர்த்து விடை காண்பது அவ்வளவு பழைய தொழில்.

*இணையம் கேட்ட அதே கேள்வி*

இணையப் பக்கங்களில் நாம் இடும் எச்.டி.எம்.எல் குறிகள் ஒரு சொல் தடித்திருக்க வேண்டும், இது தலைப்பு, இது பந்தி என்று தோற்றத்தைச் சொல்லும். "பதுளை" என்பது ஊரின் பெயரா, ஆளின் பெயரா என்று கணினிக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேறு குறியீடு தேவைப்பட்டது. 1999இல் ஆர்.டி.எஃப் என்ற நியமம் வந்தது. எல்லாத் தகவலையும் மூன்று துண்டாக எழுதுவதுதான் அதன் அடிப்படை. தமிழ் இலக்கணத்தில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பிரிப்பது போல. "பதுளை - மாகாணம் - ஊவா." "இன்னார் - தந்தை - இன்னார்." ஒவ்வொரு பொருளுக்கும் உலகில் வேறு எதற்கும் இல்லாத ஓர் அடையாள முகவரி. டின் டிக்கட் இலக்கம் போல என்று வையுங்கள்.

இந்தப் பணியில் முன்னின்றவர்களில் ஒருவர் ராமநாதன் குஹா. சென்னை ஐ.ஐ.டியில் பொறியியல் படித்து அமெரிக்கா போனவர். ஆர்.டி.எஃப் உருவானதிலும், பிறகு 2011இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ ஆகியவை சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா.ஓஆர்ஜி என்ற பொதுச் சொற்றொகுதியிலும் அவருடைய கை உண்டு. ஒரு பாடசாலையையோ கடையையோ கூகுளில் தேடினால் முகவரி, திறக்கும் நேரம் எல்லாம் பெட்டி கட்டி வருகிறதே, அதற்குப் பின்னால் இத்தகைய குறியீடு பெரும்பாலும் இருக்கும்.

தரவு வந்தாயிற்று. இனி அதன்மேல் விதி வேண்டும். ஓர் உதாரணம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. தாயின் சகோதரன் மாமா. "இவளுடைய தாய் அவள், அவளுடைய சகோதரன் அவன், ஆகவே அவன் இவளுக்கு மாமா." நம் வீட்டில் நான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த இந்த விதியை, 2004இல் நியமமான ஓ.டபிள்யூ.எல் என்ற மொழியால் சொல்ல முடியவில்லை. ஆகவே விதி மொழிகளைக் கொண்டுவந்து பொருத்தப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் ரூல்எம்எல் முயற்சி தொடங்கியது. 2004இல் எஸ்.டபிள்யூ.ஆர்.எல் முன்மொழியப்பட்டது. 2010இல் ஆர்.ஐ.எஃப் என்ற பரிமாற்ற நியமம் வந்தது. எல்லோருக்கும் ஒரே விதிமொழி என்பது நடக்காத காரியம் என்று கண்டு, பல விதிமொழிகளுக்கிடையே பரிமாற்றம் செய்ய ஏற்பாடு செய்ததுதான் அது.

ஏன் இவ்வளவு சிரமம்? இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, நாம் மேலே பார்த்ததுதான். விதிமொழிகளிற் பல மூடிய உலகில் வளர்ந்தவை. இணையத் தரவோ திறந்த உலகு. இணையத்தில் ஒரு தகவல் இல்லை என்றால் இன்னும் யாரும் எழுதவில்லை என்றுதான் பொருள். மூடிய உலகின் விதியைத் திறந்த உலகின் தரவோடு யோசிக்காமல் பிணைத்தால், எழுதப்படாதவர்கள் எல்லோரும் இல்லாதவர்களாகிவிடுவார்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஓ.டபிள்யூ.எல் மொழியில் "ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு தந்தை உண்டு" என்று எழுதலாம். எழுதினால், பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டாலும் தந்தை ஒருவர் இருந்தார் என்று கணினி ஏற்றுக்கொள்ளும். அவருக்கு ஒரு தந்தை, அவருக்கு ஒரு தந்தை என்று பெயரில்லாத மூதாதையர் வரிசை நீண்டுகொண்டே போகும். இதன்மேல் கட்டற்ற விதிகளையும் ஓடவிட்டால், எல்லாக் கேள்விக்கும் கணினி விடை கண்டு நிற்கும் என்ற உத்தரவாதம் போய்விடும். அதற்கு ஆய்வாளர்கள் கண்ட ஒரு பாதுகாப்பு வழி, விதிகளைப் பதிவேட்டில் பெயர் குறிக்கப்பட்டவர்கள் மீது மட்டும் ஓடவிடுவது. பெயரில்லாத மூதாதையர் இருந்தார் என்பதைக் கணினி மறுக்காது. ஆனால் விதி அவரைத் தொடாது.

எங்களுக்கு இதை வாசித்தபோது பூட்டனார்தான் நினைவுக்கு வந்தார். அவர் இருந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவர் இல்லாமல் நாம் இல்லை. ஆனால் பெயர் பதியப்படாத காரணத்தால் விதி அவரைத் தொடவில்லை. கணினியில் இது நேர்மையாக அறிவிக்கப்பட்ட எல்லை. "என் விடை முழுமையில்லாமல் இருக்கலாம்" என்று அந்த முறை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 1948இல் அப்படிச் சொன்னவர் யாருமில்லை.

*விதியை மாற்றியபோது*

1980களில் இரண்டு சட்டங்கள் வந்து நிலைமை ஓரளவு மாறியது. ஆனால் முடிச்சை அவிழ்த்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம். அதன் விதி எவ்வளவு எளியது என்று பாருங்கள். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினர், அல்லது அப்படிப்பட்டவரின் சந்ததியாக இலங்கையில் வசிப்பவர், இலங்கைப் பிரஜை.

பூட்டனைத் தேடி 1840க்குப் போகத் தேவையில்லை. உயிரோடிருக்கும் ஒருவரின் நினைவுக்கும் அக்கம்பக்கத்தாரின் சாட்சிக்கும் எட்டுகிற திகதி அது. தரவு கிடைக்கக்கூடிய இடத்தில் விதியின் தரை போடப்பட்டது. ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம், தொழிற்சங்கங்கள், தொண்டர்கள் எல்லோரும் சேர்ந்து நடத்திய நடமாடும் சேவைகளில் பத்து நாளளவில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரசாவுரிமை பெற்றார்கள். 55 வருடம் தீராதது பத்து நாளில் தீர்ந்தது. மக்கள் மாறவில்லை, பதிவேடுகளும் மாறவில்லை. மாறியது விதி.

அதே ஆண்டில் இன்னொரு திருத்தமும் வந்தது. 5ஆம் பிரிவில் "தந்தை" இருந்த இடத்தில் தாயும் சேர்க்கப்பட்டார். ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லுக்காக இலங்கைத் தாய்மார் 55 வருடம் காத்திருந்தார்கள்.

*இன்று நமக்கு என்ன?*

பழைய தேசிய அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். முதல் இரு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணானால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. பொதுவாக "வி" என்றால் வாக்குரிமை உள்ளவர், "எக்ஸ்" என்றால் இல்லாதவர். ஒரு முழுச் சட்டத்தின் முடிவு ஓர் எழுத்தில் அடங்கிவிட்டது. எந்த எடுகூற்றிலிருந்து அந்த முடிவு வந்தது என்பது அட்டையில் இல்லை. முடிவை மட்டும் சேமித்துக் காரணத்தைத் தொலைத்தால், பிழையைத் திருத்த வழி தெரியாது.

இப்போது டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய நிதியுதவியுடன் முன்னெடுக்கப்படுகிறது. நலன்புரிக் கொடுப்பனவுகள் யாருக்கு என்பதையும் புள்ளிகள் வைத்து விதியால் தீர்மானிக்கும் காலம் இது. நாம் இதற்கு எதிரானவர்கள் அல்ல. ஒழுங்கான பதிவேடு ஏழைக்குத்தான் அதிகம் உதவும். ஆனால் தோட்டத்தில் ஒரே ஆள் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதியில் ஒரு பெயர் என்று மூன்று பேராக இருப்பதை ஆசிரியர்கள் நாம் சேர்விடாப்பில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபிசுக்குப் போவதும் தெரிந்ததுதானே? மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று மனிதருக்குத் தெரியும். கணினிக்கு யாராவது சொல்ல வேண்டும்.

2014 அக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது என்ன நடந்தது என்பதை ஊவா மறக்கக் கூடாது. எத்தனை பேர் மண்ணுக்குள் என்ற எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. யார் அந்த லயங்களில் இருந்தார்கள் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பட்டியல் கையில் இருக்கவில்லை. செக்ரோல் காலம் முதல் நூறு வருடத்துக்கு மேல் எண்ணப்பட்ட மக்களைத் தேட வேண்டிய நாளில் எண்ணத் தெரியவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்.

தொழில்நுட்பம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு: நாளை நீங்கள்தான் இந்த முறைமைகளை எழுதப் போகிறீர்கள். ஒரு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் உங்கள் விதி என்ன செய்யும் என்பதை முதலில் கேளுங்கள். "இல்லை" என்று எழுதுமா, "தெரியாது" என்று எழுதி ஒரு மனிதரிடம் அனுப்புமா? அந்த மனிதர் மறுத்தால் மேன்முறையீடு எங்கே? காரணம் எங்கே பதியப்படும்?

பெற்றோருக்கு: பிள்ளையின் பிறப்பைக் காலத்தோடு பதியுங்கள். பெயரின் எழுத்துகளை எல்லாப் பத்திரத்திலும் ஒன்றாக்குங்கள். உத்தேச வயதுச் சான்றிதழோடு காலந்தள்ளுபவர்கள் கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் இப்போதே அணுகுங்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடைத்த பத்திரம் பெட்டியில் கிடந்தால் பிரதி எடுத்து வையுங்கள். பாட்டன், பூட்டன் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்றும் எழுதுங்கள். சட்டம் இன்று அதைக் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்பார்கள்.

ஹாலிஎல, பசறை, லுணுகலை, பண்டாரவளை, பூனாகலைப் பக்கத்து நண்பர்கள், உங்கள் வீடுகளில் டின் டிக்கட், துண்டு, பழைய பிரசாவுரிமை விண்ணப்பப் பிரதி ஏதும் இருந்தால் சொல்லுங்கள். படத்தைப் பொதுவெளியில் போட வேண்டாம், அதில் குடும்ப விபரம் இருக்கும். தனியாக அறிவித்தால் நாம் வந்து பார்த்து, பிள்ளைகளுக்கும் காட்டுவோம்.

வஸ்ஸலாம்.